கம்பிக்கும் நரம்புக்கும் நடுவே ஒரு ஜெல்

ஈ.சி.ஜி. எடுக்கும்போது நெஞ்சில் சில்லென்று ஒரு பசையைத் தடவிவிட்டுத்தான் மின்முனைகளைப் பொருத்துவார்கள். உடம்புக்குள் ஓடும் மின்சாரமும் கம்பியில் ஓடும் மின்சாரமும் வேறு வேறு என்பதே இதற்குக் காரணம். கம்பியில் ஓடுபவை எலெக்ட்ரான்கள். நரம்பிலும் இதயத் தசையிலும் இடம்பெயர்பவை சோடியம், பொட்டாசியம் போன்ற அயனிகள். உலோகத்துக்குள் அயனி நுழையாது. உப்புநீரில் எலெக்ட்ரான் தனியாக ஓடாது. இரண்டும் சந்திக்கும் எல்லையில் சமிக்ஞை தேய்ந்துவிடாமல் அந்த உப்புப் பசை பார்த்துக்கொள்கிறது. ஆனால் அதற்கும் அயனிகளை மட்டுமே கடத்தத் தெரியும்.

இரண்டையும் தனக்குள் ஓடவிடும் பொருள்தான் மின்கடத்தும் பாலிமர் ஜெல். தண்ணீரைப் பிடித்துவைத்திருக்கும் மென்மையான வலை அது. வலையின் இழைகளில் எலெக்ட்ரான் ஓடும். இடையில் நிற்கும் நீரில் அயனி ஓடும்.

பிளாஸ்டிக் மின்சாரத்தைக் கடத்தாது என்றுதான் பள்ளியில் படித்தோம். அந்தப் பாடம் மாறியதற்கு 1967-ல் டோக்கியோவில் நடந்த ஒரு பிழையும் காரணம். வேதியியலாளர் ஹிடேகி ஷிராகவா பணியாற்றிய ஆய்வகத்தில், வெளியிலிருந்து வந்திருந்த ஆராய்ச்சியாளர் ஒருவர் பாலிஅசிட்டிலீன் என்ற பாலிமரைத் தயாரிக்க முயன்றார். வினையூக்கியைத் தேவையைவிட ஆயிரம் மடங்கு சேர்த்துவிட்டார். வழக்கமான கறுப்புத் தூளுக்குப் பதில் வெள்ளிபோல் மின்னும் படலம் கிடைத்தது. பிறகு ஷிராகவா அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துக்குப் போய் ஆலன் மெக்டியார்மிட், ஆலன் ஹீகர் இருவருடன் சேர்ந்தார். அந்தப் படலத்தை அயோடின் ஆவியில் காட்டியதும் அதன் கடத்துதிறன் ஏறத்தாழ ஒரு கோடி மடங்கு எகிறியது. 1977-ல் வெளியான இந்த ஆய்வுக்காக 2000-ல் மூவருக்கும் வேதியியல் நோபல் கிடைத்தது. பாலிமர் சங்கிலியில் ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறி மாறி வருகின்றன. அயோடின் சில எலெக்ட்ரான்களைப் பறித்துக்கொள்ள, காலியான இடங்களின் வழியே மற்றவை நகரத் தொடங்குகின்றன.

பாலிஅசிட்டிலீன் காற்றுப் பட்டாலே கெட்டுவிடும். அதன் இடத்துக்குப் பாலிஅனிலின், பாலிபைரோல், பெடாட் என்று உறுதியானவை வந்தன. ஆனால் அவையும் காய்ந்த நிலையில் விறைப்பானவை, எளிதில் விரிசல் விடுபவை. ஜெல்லாக்கலாம் என்றால் வேறொரு சிக்கல். தண்ணீர் ஏற ஏற வலை உப்பும்; கடத்தும் இழைகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகும்; கடத்துதிறன் சரியும். இழைகளை நெருக்கிக் கட்டினால் மென்மை போய்விடும். இந்தத் துறையின் உழைப்பெல்லாம் இந்த இழுபறியைத் தீர்ப்பதில்தான் செலவாகியிருக்கிறது.

2012-ல் ஸ்டான்ஃபோர்டில் ஷெனான் பாவோவும் உடன் உழைத்தவர்களும் காட்டிய வழி எனக்கு மிகவும் பிடித்தமானது. அவர்கள் எடுத்துக்கொண்டது ஃபைட்டிக் அமிலம். நெல் தவிட்டிலும் பயறு வகைகளிலும் இயல்பாகவே இருப்பது. ஒரு மூலக்கூறில் ஆறு பாஸ்பேட் கைகள். ஒவ்வொன்றும் வெவ்வேறு பாலிஅனிலின் சங்கிலியைப் பற்றிக்கொள்ள முடியும். ஆக, சங்கிலிகளைப் பிணைக்கும் வேலையும், அயோடின் செய்ததுபோல் அவற்றைக் கடத்தவைக்கும் வேலையும் ஒரே பொருளிடம் முடிந்துவிடுகின்றன. இரண்டு கரைசல்களைக் கலந்தால் போதும். சில நிமிடங்களில் கரும்பச்சை நிறத்தில் ஜெல் உறைந்து நிற்கும்.

2019-ல் எம்.ஐ.டி.யில் சுவான்ஹே ஜாவோவின் குழு பெடாட் பாலிமரில் வேறு உத்தியைக் கையாண்டது. கரைசலில் ஒரு துணைக் கரைப்பானைச் சேர்த்து, மெதுவாக உலர்த்தி, சூடேற்றிப் பதப்படுத்தி, பிறகு தண்ணீரில் ஊறவைத்தார்கள். உலரும்போதே கடத்தும் இழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதால், ஊறி உப்பிய பிறகும் தொடர்பு அறுவதில்லை. அப்படியும் தாமிரத்தைவிடக் கடத்துதிறன் பத்தாயிரம் மடங்குக்கு மேல் குறைவுதான். அதனால் ஒன்றும் நஷ்டமில்லை. வீட்டுக்கு வயரிங் செய்யவா இதைத் தேடுகிறோம்?

பேட்டரியில் இதற்கு ஒரு வேலை உண்டு. லித்தியத்தை உள்வாங்கும் சிலிக்கான் மூன்று மடங்குக்கும் மேல் பருத்து நொறுங்கிவிடும்; அதைச் சுற்றி இந்த ஜெல்லைப் பூசினால் அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்ளும். 2013-ல் வந்த ஆய்வில் அப்படிப்பட்ட மின்முனை 5,000 சுற்றுகள் தாங்கியது. நல்ல முயற்சிதான், ஆனால் பேட்டரிக்கு மாற்று வழிகள் பல இருக்கின்றன. மூளைக்கு அப்படி இல்லை.

மூளை கட்டித் தயிரைப் போல் குழைவானது. அதில் செருகப்படும் சிலிக்கான் ஊசியோ கோடிக்கணக்கான மடங்கு விறைப்பானது. மூச்சு விடும்போதும் நாடி துடிக்கும்போதும் மூளை லேசாக அசைகிறது, ஊசி அசைவதில்லை. உரசல் நாள்பட, திசு தற்காப்புக்காக ஊசியைச் சுற்றித் தழும்பு கட்டுகிறது. நரம்பணுக்கள் தள்ளிப்போகின்றன, சமிக்ஞை மங்குகிறது. பார்க்கின்சன் நோயாளியின் மூளைக்குள் வைக்கும் மின்முனையும், காது கேளாதவருக்குப் பொருத்தும் காக்ளியர் கருவியின் மின்முனையும் இன்றைக்கும் பிளாட்டினம் சார்ந்த உலோகங்கள்தான். அவற்றின் மேல் கடத்தும் ஜெல்லைப் பூசினால் இரட்டை லாபம். தொடும் இடம் மென்மையாகும். உலோகத்தில் மேற்பரப்பு மட்டுமே வேலை செய்யும். ஜெல்லில் அயனிகள் ஆழம்வரை ஊடுருவுவதால், அதே அளவு இடத்தில் மின்தடை குறைந்து சமிக்ஞை தெளிவாகக் கிடைக்கும்.

ஸ்வீடனின் லின்ஷோப்பிங் பல்கலைக்கழகக் குழு இன்னும் துணிந்து யோசித்தது. ஜெல்லை வெளியில் செய்து உள்ளே வைப்பதற்குப் பதில், உடம்புக்குள்ளேயே உருவாக வைத்தால்? 2023-ல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில், பாலிமரின் சிறு அலகுகளோடு சில நொதிகளைக் கலந்து ஊசி வழியே செலுத்தினார்கள். உடம்பில் ஏற்கெனவே இருக்கும் குளுக்கோஸ் அல்லது லாக்டேட்டோடு ஒரு நொதி வினைபுரிந்து ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்க, அதைக்கொண்டு இன்னொரு நொதி அலகுகளைச் சங்கிலியாகக் கோத்துவிடுகிறது. மின்சாரமோ ஒளியோ வெளியிலிருந்து தரவேண்டியதில்லை. வரிக்குதிரை மீனின் மூளையிலும் இதயத்திலும் வால் துடுப்பிலும், மருத்துவ அட்டைப்பூச்சியின் நரம்பைச் சுற்றியும் மின்முனைகள் இப்படி உருவாயின.

மனிதருக்கு இதைக் கொண்டுவருவதற்குள் பல ஆண்டு சோதனைகள் நடக்க வேண்டும், நடப்பதுதான் நல்லது. ஈரமான உடம்புக்குள் ஜெல் ஆண்டுக்கணக்கில் கடத்துதிறனை இழக்காமல் நிற்க வேண்டும். நச்சான எச்சம் எதுவும் கசியக் கூடாது. உலோக ஊசியையாவது அறுவை செய்து உருவி எடுத்துவிடலாம். திசுவோடு திசுவாகப் பின்னி வளர்ந்த மின்முனையை, தேவை முடிந்தபின் எப்படி அகற்றுவது? நோயாளியிடம் ஒப்புதல் கையெழுத்து கேட்பதற்கு முன் மருத்துவரிடம் இதற்குப் பதில் இருந்தாக வேண்டும்.