மருதையாறு உணர்த்தும் இயற்பியல்

ஆற்றலை ஆக்கவோ அழிக்கவோ இயலாது. ஒரு வடிவிலிருந்து மற்றொரு வடிவிற்கு மாற்றவே இயலும் என்று வகுப்பில் பயில்கிறோம். இவ்விதியின் கடுமையை நம் அரியலூர் மண் அறியும்.

நீராவி எஞ்சினில் நிலக்கரியின் வெப்பம் நீரை ஆவியாக்குகிறது. ஆவி பிஸ்டனைத் தள்ள, சக்கரம் சுழல்கிறது. அவ்வெப்பத்தில் பத்தில் ஒரு பங்குகூட இயக்கமாவதில்லை; மற்றது புகையோடும் ஆவியோடும் வெளியேறுகிறது. ஆயினும் இரயிலின் நிறை மிகப் பெரிது. வேகம் இருமடங்கானால் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும். பிரேக் பிடிக்கும்போது அவ்வாற்றல் உராய்வினால் வெப்பமாக மாறியாக வேண்டும். அதற்கு நீண்ட தூரம் தேவை.

ஓடும் நீருக்கும் இயக்க ஆற்றல் உண்டு. 1956 நவம்பர் 23 அதிகாலை, மருதையாற்று வெள்ளம் பாலத்தைச் சிதைத்திருந்த வேளையில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் வந்து கவிழ்ந்தது. 140க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அன்றைய இரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி துறந்தார்.

ஆபத்து கண்ணுக்குத் தெரிந்தபின் இரயிலை நிறுத்துவது அரிது. ஆகவேதான் மழைக்கால இரவுகளில் ஊழியர்கள் விளக்கேந்தித் தண்டவாளத்தைச் சோதித்து நடக்கின்றனர். நிறுத்துவதற்கு வேண்டிய தூரத்தை அவ்விளக்கே நமக்கு ஈட்டித் தருகிறது. மாண்டோர் இறைவனில் இளைப்பாறுவார்களாக!