ஏழு பேருக்கு ஒரு கார்! எட்டாவது ஆள் ஏறலாமா?

தாமிரபரணிக் கரையில் ஒன்பது கைலாயங்கள் இருக்கின்றன. ஒன்பது திருப்பதிகளும் இருக்கின்றன.

பாபநாசம், சேரன்மகாதேவி, கோடகநல்லூர், குன்னத்தூர், முறப்பநாடு, ஸ்ரீவைகுண்டம், தென்திருப்பேரை, ராஜபதி, சேர்ந்தபூமங்கலம். இவை நவ கைலாயங்கள். மலையடிவாரத்தில் தொடங்கி, கடற்கரைப் பக்கம் போய் முடியும் வரிசை இது. நவ திருப்பதிகளோ ஸ்ரீவைகுண்டத்தையும் ஆழ்வார்திருநகரியையும் சுற்றி அமைந்தவை.

அந்தக் காலத்தில் இவற்றைத் தரிசிக்க வில்வண்டி கட்டிக்கொண்டு போனார்கள். நாட்கணக்கில் ஆயிற்று. இன்று காலையில் புறப்பட்டால், ஒன்பது கோவிலையும் பார்த்துவிட்டு இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பலாம். தாத்தா, ஆச்சி, அப்பா, அம்மா, மூன்று பிள்ளைகள். ஆக மொத்தம் ஏழு பேர். அத்தனை பேருக்கும் ஒரே காரில் இடம்!

இந்த ஏழு இருக்கைக் கார்களுக்குத்தான் இப்போது எங்கும் மவுசு. ஜீப்பைப் போல உயரம். பங்களாவைப் போல விசாலம். ஏறி உட்கார்ந்தால் ரோடு முழுவதும் கண்ணுக்குத் தெரியும். வாங்கியவர்களுக்குப் பெருமை. வாங்காதவர்களுக்கு ஆசை.

ஆனால், இந்தக் காரை வைத்துக்கொள்வதும் ஓட்டுவதும் சின்னக் கார் விஷயம் போன்றது அல்ல. அதற்கென்று சில முறைகள் உண்டு. அவை தெரியாமல் போனால் ஆபத்து ஒருவருக்கு அல்ல, ஏழு பேருக்கு!

திருக்குறுங்குடி தந்த முன்னோடி

மோட்டார் தொழிலுக்கும் நெல்லைச் சீமைக்கும் பழைய உறவு உண்டு. டி.வி.எஸ். நிறுவனத்தைத் தோற்றுவித்த டி.வி.சுந்தரம் அய்யங்கார், 1877-ம் ஆண்டில் திருக்குறுங்குடியில் பிறந்தவர். 1911-ம் ஆண்டில் மதுரையில் பஸ் தொழிலில் இறங்கினார்.

பிறகு அம்பாசிடர் காலம் வந்தது. அது ஐந்து பேர் போகும் கார். ஆனால் கல்யாண வீட்டுக்குப் போகும்போது எட்டுப் பேர், ஒன்பது பேர் ஏறுவார்கள். “கொஞ்சம் நெருங்கி உக்காருங்க மைனி” என்ற குரல் கேட்காத அம்பாசிடர் உண்டா? 2014-ம் ஆண்டில் அந்தக் காரின் உற்பத்தி நின்றுவிட்டது. நெருக்கி உட்காரும் பழக்கம் மட்டும் நிற்கவில்லை.

1994-ம் ஆண்டில் டாட்டா சுமோ வந்தது. 2000-ம் ஆண்டில் டொயோட்டா குவாலிஸ் வந்தது. 2002-ம் ஆண்டில் மகிந்திரா ஸ்கார்ப்பியோ. 2005-ம் ஆண்டில் குவாலிஸ் போய், இன்னோவா வந்தது. 2012-ம் ஆண்டில் மாருதி எர்டிகா வந்தபோது, நடுத்தரக் குடும்பங்களும் ஏழு இருக்கைக் காரை நினைத்துப் பார்க்கத் தொடங்கின.

இதில் தமிழ்நாட்டின் பங்கும் உண்டு. செங்கல்பட்டு அருகே மகிந்திரா நிறுவனத்தின் பெரிய ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 2021-ம் ஆண்டில் வெளிவந்த எக்ஸ்.யு.வி. 700 கார் அங்கே உருவானதுதான்.

கடைசி வரிசையில் யார்?

ஏழு இருக்கை என்றால் டிரைவரையும் சேர்த்துத்தான் ஏழு. முன்னால் இரண்டு. நடுவில் இரண்டு அல்லது மூன்று. பின்னால் மீதிப் பேர்.

கடைசி வரிசையில் யாரை உட்கார வைப்பது? முழங்கால் வலி உள்ள ஆச்சியை அங்கே ஏற்றக்கூடாது. நடு இருக்கையை மடக்கி, குனிந்து, நுழைந்து போகவேண்டும். உட்கார்ந்தால் முழங்கால் மார்புக்கு வரும். பெரியவர்களுக்கு நடு வரிசைதான் சரி. கைக்குழந்தைக்கு உரிய தனி இருக்கையை மாட்டும் கொக்கிகளும் பெரும்பாலும் நடு வரிசையில்தான் இருக்கும்.

ஆகவே கடைசி வரிசை, வளர்ந்த பிள்ளைகளுக்கும் வாலிபர்களுக்கும் போகிறது. அங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அவர்கள் முதுகுக்கும் பின்கதவுக்கும் நடுவே இடம் மிகவும் சொற்பம். அந்தச் சந்தில் பித்தளைக் குடத்தையும், சாப்பாட்டுத் தூக்கையும், தண்ணீர் கேனையும் அடுக்குகிறார்கள். திடீரென்று பிரேக் போட்டால் அந்தக் குடம் பிள்ளையின் பின்தலையைத் தாக்கும். கனமான சாமான்களைத் தரையில் வைத்து, நகராதபடி கட்ட வேண்டும். இருக்கையின் முதுகு உயரத்துக்கு மேல் எதையும் அடுக்கக்கூடாது.

கார் வாங்கப் போகிறவர்கள் கடையில் ஒரு கேள்வி கேட்கவேண்டும். “விபத்து நேரத்தில் பக்கவாட்டில் விரியும் காற்றுப்பை கடைசி வரிசை வரைக்கும் வருமா?” சில கார்களில் வரும். சில கார்களில் வராது. வர்ணத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுகிறவர்கள், இதைக் கேட்க ஒரு நிமிடம் ஒதுக்கலாம் அல்லவா?

மடியில் பிள்ளையா?

“ஒரு ஆள்தான! பிள்ளைய மடியில வச்சுக்கிடுங்க சித்தி!”

இப்படித்தான் எட்டாவது ஆள் ஏறுகிறார். ஒன்பதாவது ஆளும் ஏறுகிறார். சித்தி பிள்ளையை மடியில் வைத்து, இரண்டு கைகளாலும் அணைத்துக்கொள்கிறாள். தாயைப் போன்ற பாதுகாப்பு என்று எல்லோரும் நினைக்கிறார்கள்.

ஒரு சின்னக் கணக்குப் பாருங்கள். கார் மணிக்கு 50 கிலோ மீட்டர் வேகத்தில் போகிறது. எதன் மீதோ மோதி, ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் நின்றுவிடுகிறது. அந்தக் கணத்தில், 10 கிலோ எடையுள்ள பிள்ளை 140 கிலோ பாரத்தைப் போல முன்னால் இழுக்கும். 140 கிலோ என்பது ஏறக்குறைய மூன்று சிமெண்டு மூட்டை! எந்தத் தாயின் கையால் அதைப் பிடித்து நிறுத்த முடியும்? பாசம் இருக்கிறது, பலம் போதாது.

இதற்காகத்தான் சீட் பெல்ட் வந்தது. தோளையும் இடுப்பையும் சேர்த்துக் கட்டும் இன்றைய பெல்ட்டை 1959-ம் ஆண்டில் உருவாக்கியவர் நில்ஸ் போலின். ஸ்வீடன் நாட்டு வால்வோ கம்பெனியின் என்ஜினீயர் அவர். எல்லோரும் பயன்படுத்தட்டும் என்று அந்த உரிமையை மற்றக் கம்பெனிகளுக்கும் திறந்துவிட்டது வால்வோ. அன்று முதல் அந்தப் பெல்ட் காப்பாற்றிய உயிர்கள் ஏராளம்.

“முன்னால் இருப்பவர் போட்டால் போதாதா?” என்று சிலர் கேட்பார்கள். போதாது. 2022-ம் ஆண்டு செப்டம்பர் 4-ந்தேதி, மராட்டிய மாநிலம் பால்கர் அருகே நடந்த விபத்தில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி இறந்தார். அவர் இருந்தது விலை உயர்ந்த கார். அமர்ந்திருந்தது பின் இருக்கை. பெல்ட் போட்டிருக்கவில்லை. நாடே அதிர்ந்தது. பின் இருக்கைப் பெல்ட்டைப் பற்றி அதன் பிறகுதான் பலரும் பேசத் தொடங்கினார்கள்.

சட்டமும் இதைச் சொல்கிறது. 2019-ம் ஆண்டில் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, பெல்ட் போடாவிட்டால் அபராதம் 1,000 ரூபாய். 14 வயது நிரம்பாத பிள்ளைக்குப் பெல்ட்டோ, குழந்தை இருக்கையோ இல்லாமல் ஓட்டினாலும் 1,000 ரூபாய்.

ஏழு இருக்கை என்றால் ஏழு பெல்ட். எட்டாவது ஆளுக்குப் பெல்ட் இல்லை. கணக்கு அவ்வளவுதான்.

மலைப்பாதையில்...

பாபநாசத்திலிருந்து காரையாறுக்கு ஏறும் பாதையை நெல்லைக்காரர்கள் அறிவார்கள். ஏறும்போது யாரும் பயப்படுவது இல்லை. ஆபத்து இறங்கும்போதுதான்.

ஏழு இருக்கைக் கார்களில் பல, ஒன்றே முக்கால் டன்னுக்கு மேல் கனம் உள்ளவை. அதில் ஏழு பேர் ஏறினால் இன்னும் 400 கிலோவுக்கு மேல் கூடுகிறது. இத்தனை பாரத்தையும் பிரேக்கால் மட்டும் தடுத்துக்கொண்டே இறங்கினால், பிரேக் சூடேறும். சூடேறினால் பிடிப்புக் குறையும். ஆகவே ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும். அப்போது என்ஜினே வேகத்தை அடக்கிக் கொடுக்கும். பெட்ரோலை மிச்சம் பிடிப்பதாக நினைத்து நியூட்ரலில் இறக்குவது, உயிரைப் பணயம் வைக்கும் காரியம்.

உயரமான கார் வளைவில் சாயும். கூரை மேல் மூட்டை கட்டினால் இன்னும் அதிகமாகச் சாயும். நேர் ரோட்டில் நிதானமாகத் தோன்றும் வேகம், வளைவில் அதிகமாகிவிடும். கடைசி வரிசைப் பிள்ளைகள் வாந்தி எடுப்பதும் இதனால்தான். வேகத்தைக் குறைத்தால் இரண்டும் குறையும்.

டயரில் காற்று எவ்வளவு? டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்தால், தூணில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். பல கார்களில் அதில் இரண்டு அளவுகள் இருக்கும். ஆள் குறைவாக இருந்தால் ஒன்று. முழுப் பாரத்துக்கு மற்றொன்று. குடும்பத்தோடு புறப்படும் நாளில் இரண்டாவது அளவுதான் வேண்டும்.

தண்ணீரில் இறங்கலாமா?

“பெரிய வண்டிதான! தண்ணி என்ன செய்யும்?” என்பது அடிக்கடி கேட்கும் பேச்சு.

தாமிரபரணி என்ன செய்யும் என்பதை 2023-ம் ஆண்டு டிசம்பர் 17, 18-ந்தேதிகளில் எல்லோரும் பார்த்தார்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டி மீட்டர் மழை கொட்டியது. நெல்லை ஜங்ஷனில் வெள்ளம் புகுந்தது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரெயில், சுமார் 800 பேருடன் ஸ்ரீவைகுண்டத்தில் சிக்கி நின்றது. ரெயிலையே நிறுத்திய தண்ணீர், காரை விட்டுவிடுமா?

ஓடும் தண்ணீர் ஓர் அடி ஆழம் இருந்தாலே சின்னக் காரைத் தள்ளும். இரண்டடி இருந்தால் பெரிய காரையும் மிதக்க வைத்து இழுத்துப் போகும். தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஓடினால், திரும்பி வருவதே புத்திசாலித்தனம். தேங்கிய தண்ணீரில் என்ஜின் நின்றுபோனால், மறுபடி ஸ்டார்ட் செய்யக்கூடாது. உள்ளே புகுந்த தண்ணீர் என்ஜினையே உடைத்துவிடும். சாதாரண இன்சூரன்சில் அந்த நஷ்டம் கிடைப்பது கஷ்டம். என்ஜின் பாதுகாப்புக்கு என்று தனியாகப் பணம் கட்டியிருந்தால் கிடைக்கும்.

யானையைக் கட்டித் தீனி போடுவது

காரின் விலையோடு செலவு முடிவதில்லை. 2025-ம் ஆண்டு செப்டம்பர் 22-ந்தேதி முதல் பெரிய கார்களுக்கு ஜி.எஸ்.டி. வரி 40 சதவீதம். சாலை வரி தனி. நான்கு டயர்களை மாற்றும் நாளில் குடும்பத்துக்கு ஒரு மாதச் செலவு போல ஆகும். சுங்கச் சாவடியில் மட்டும் ஓர் ஆறுதல். நாங்குநேரியிலோ கயத்தாற்றிலோ, ஐந்து பேர் கார், ஏழு பேர் கார் இரண்டுக்கும் ஒரே கட்டணம்தான்.

டீசல் கார் வாங்குகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2020-ம் ஆண்டு ஏப்ரல் முதல் விற்கும் டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி உண்டு. நீண்ட ரோட்டில் சீராக ஓடினால்தான் அந்தக் கரி எரிந்து தீரும். பாளையங்கோட்டைக்கும் வண்ணார்பேட்டைக்கும் மட்டும் போய்வந்தால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும். எச்சரிக்கை விளக்கு எரியும். ஊருக்குள்ளேயே ஓட்டுகிறவர்களுக்குப் பெட்ரோல் கார்தான் ஏற்றது.

தவணையைக் கட்டுவதற்காகச் சொந்தக் காரை வாடகைக்கு விடுகிறவர்களும் இருக்கிறார்கள். வெள்ளைப் பலகைக் காரில் கூலி வாங்கி ஆள் ஏற்றுவது சட்ட விரோதம். விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ் பணம் கிடைக்காமல் போகலாம்.

வாங்குவதற்கு முன் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து கணக்குப் போடவேண்டும். வருஷத்தில் ஏழு பேரும் சேர்ந்து போகும் நாட்கள் எத்தனை? பத்து நாள்தான் என்றால், சின்னக் கார் போதும். அந்தப் பத்து நாளைக்கு வாடகை வண்டி அமர்த்தலாம். வாரம் தவறாமல் எல்லோரும் போவதானால், ஏழு இருக்கைக் கார் நல்ல சொத்து.

கார் வந்த பிறகும் ஒரு தைரியம் வேண்டும். வீட்டு வாசலில் எட்டாவது ஆள் வந்து நிற்கும்போது, “இடம் இல்லை” என்று சொல்லும் தைரியம் அது. சொந்தக்காரர் முகம் சுருங்கும். சுருங்கட்டும். “அத்தான், நீங்க பஸ்ல வாங்க. திருச்செந்தூர் ஸ்டாண்டுல நாங்களே வந்து கூட்டிக்கிடுதோம்” என்று அன்பாகச் சொன்னால் கோபம் தீர்ந்துவிடும். நெல்லையிலிருந்து திருச்செந்தூருக்குப் பஸ்ஸும் உண்டு, ரெயிலும் உண்டு.

ஒரு நாள் மனத்தாங்கல் மறுநாள் ஆறிவிடும். போன உயிர் திரும்பாது. ஏழு பேர் புறப்பட்டால், ஏழு பேரும் வீடு திரும்ப வேண்டும்!