தாயின் நோய்க்குறிப்பும் மகனின் உரிமையும்

அரசின் புற்றுநோய்க் கண்டறிதல் திட்டம், 2016இல் ஒன்றிய அரசு வகுத்த நடைமுறைப்படி, 30 வயது கடந்தோருக்கு வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகிய மூன்றை மட்டுமே உள்ளடக்கியது. ஆண்களைத் தாக்கும் புரோஸ்டேட் புற்றுநோய் அதில் இல்லை. இதற்கு மருத்துவக் காரணம் உண்டு. இந்நோய் பலரிடம் மெதுவாகவே வளரும். எல்லா ஆண்களையும் சோதித்தால் தேவையற்ற சிகிச்சைக்கு ஆளாவோர் பெருகுவர். ஆனால், பரம்பரை ஆபத்து உடையோருக்கு இவ்வாதம் பொருந்தாது.

பி.ஆர்.சி.ஏ.2 என்னும் மரபணு, செல்களில் சிதையும் டி.என்.ஏ.வைச் செப்பனிட உதவுகிறது. அதில் பிறவிப் பிழை இருப்பின், பெண்களுக்கு மார்பக, சினைப்பைப் புற்றுநோய்களும் ஆண்களுக்குப் புரோஸ்டேட் புற்றுநோயும் வரும் வாய்ப்பு கூடுகிறது. ஆண்களிடம் அது இளம் வயதிலேயே, வீரியத்துடன் வரக்கூடும். பிழையுள்ள தாயோ தந்தையோ அதை ஒவ்வொரு பிள்ளைக்கும் கடத்தும் வாய்ப்பு 50 விழுக்காடு. மார்பகப் புற்றுநோய்களில் பெரும்பாலானவை பரம்பரையானவை அல்ல; எனினும் இளம் வயதில் தாய்க்கு வந்த நோய், மகனும் விசாரித்தறிய வேண்டிய செய்தியாகும்.

இப்பிழை உறுதியான ஆண்கள் 40 வயது முதல் பி.எஸ்.ஏ. இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுமாறு பன்னாட்டு மருத்துவ வழிகாட்டுதல்கள் பரிந்துரைக்கின்றன. அளவு உயர்ந்தாலே புற்றுநோய் என்று பொருளன்று. தொற்றாலும் சுரப்பி வீக்கத்தாலும் அது உயரும். எம்.ஆர்.ஐ., திசுப் பரிசோதனை ஆகியவற்றுக்குப் பின்னரே முடிவு தெரியும்.

சேலம், நாமக்கல் சமவெளியில் லாரிப் பட்டறையிலும் கோழிப்பண்ணையிலும் துப்புரவுப் பணியிலும் உழைக்கும் நம் மக்களுக்கு, மருத்துவமனைக்குச் செல்லும் நாள் கூலியிழக்கும் நாள். ஆகவே கேள்வி அவர்களின் வாசலுக்கு வர வேண்டும். 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பணியாளர்கள், குடும்பத்தில் எவருக்கு, எந்த வயதில், எந்தப் புற்றுநோய் வந்தது எனக் கேட்டுப் பதியலாம். தேவைப்படுவோருக்கு சேலம், நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் வழியே மரபணு ஆலோசனையும் சோதனையும் கட்டணமின்றிக் கிடைக்கச் செய்யலாம். ஒப்புதலின்றிச் சோதனையோ, முடிவை வெளியிடுவதோ கூடாது. மரபணுப் பிழை எச்சாதியின் குறையுமன்று. அவ்வாறு பேச எவருக்கும் இடந்தரலாகாது.

இது சலுகைக் கோரிக்கை அன்று. போதிய மருத்துவ வசதி அளிப்பது அரசின் கடமை என்றும், நிதிப் பற்றாக்குறை அதற்குச் சாக்காகாது என்றும் 1996இல் மேற்கு வங்க விவசாயத் தொழிலாளர் சங்க வழக்கில் உச்சநீதிமன்றம் அரசமைப்பின் 21ஆம் பிரிவைக் கொண்டு தீர்ப்பளித்தது. அவ்வழக்கு அவசர சிகிச்சை பற்றியது. அக்கடமையை நோய் முற்றுமுன் கண்டறிதலுக்கும் விரிப்பதே நம் கோரிக்கை. கிராம சபையில் இதைத் தீர்மானமாக வைப்போம். அதற்குமுன் நம் வீட்டு மூத்தவர்களிடம் குடும்ப நோய் வரலாற்றைக் கேட்டெழுதி வைப்போம்.