உச்சிக்குழியும் உதட்டுக் கோடும்

கோவில்பட்டியைச் சுற்றியுள்ள ஊர்களில் கோயில் கொடை என்றால் ராத்திரி ஒரு சொற்பொழிவு இருக்கும். பேச வருகிறவர் யாராக இருந்தாலும் ஓரிடத்தில் மனித உடம்புக்கு வந்துவிடுவார். எத்தனை நரம்பு, எத்தனை எலும்பு, எங்கேயாவது ஒரு குறை உண்டா, படைத்தவன் ஒருவன் இல்லாமல் இது வந்திருக்குமா என்று கேட்பார். நற்செய்திக் கூட்டத்துக்குப் போனாலும் இதே பேச்சுதான், சாமி பேர் மட்டும் வேறு. கூட்டம் கைதட்டும். கரிசல்காட்டு ஊர்களில் கிராம சுகாதாரச் செவிலியராக வேலைபார்த்து ஓய்வுபெற்ற எனக்கு அந்த இடத்தில் மட்டும் கை எழும்பாது. நான் சாமி இல்லை என்கிற கட்சி கிடையாது. செண்பகவல்லி அம்மன் சன்னதியில் வெள்ளிக்கிழமை என்னைப் பார்க்கலாம். உடம்பில் குறையே இல்லை என்கிறார்களே, அதைத்தான் ஏற்க முடியவில்லை. பிரசவம் பார்த்தவர்கள் யாரும் ஏற்கமாட்டார்கள்.

நிறைமாதக் குழந்தையின் தலை அகலம் சுமார் ஒன்பதரை சென்டிமீட்டர். அது கடந்து வரவேண்டிய இடுப்பெலும்பு வாசலோ நுழையும் இடத்தில் பக்கவாட்டில் அகலம், வெளியேறும் இடத்தில் முன்பின்னாக அகலம். அதனால் குழந்தை ஒரு பக்கமாக முகத்தை வைத்து நுழைந்து, நடுவழியில் திரும்பி, தலை வெளியே வந்த பிறகு தோளுக்காக மறுபடியும் திரும்பவேண்டும். மண்டையோட்டு எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொடுத்தால்தான் வழி பிறக்கும். எண்ணெய் வைக்கும்போது பாட்டிமார் பயந்து பயந்து தொடுகிற உச்சிக்குழி அந்த எலும்புகள் இன்னும் ஒட்டாமல் விட்டிருக்கும் இடைவெளி. பெரும்பாலும் குழந்தை தாயின் முதுகுப்பக்கம் பார்த்தபடிதான் பிறக்கும், தாயே கைகொடுத்து எடுப்பது சிரமம். வேலியோரம் நின்ற வெள்ளாடு யார் துணையும் இல்லாமல் குட்டியைப் போட்டுவிட்டு நக்கத் தொடங்கிவிடும். சிம்பன்சிக்குக்கூட இடுப்பில் இடம் தாராளம். மனுஷிக்குத்தான் மருத்துவச்சி வேண்டியிருக்கிறது.

காரணம் ஒன்றும் மர்மமில்லை. நம் முன்னோர் நாலுகாலை விட்டு இரண்டு காலில் நிமிர்ந்தார்கள். தான்சானியாவில் லேட்டோலி என்ற இடத்தில் எரிமலைச் சாம்பலில் பதிந்து கல்லாகிப்போன காலடித் தடங்களுக்கு 36 லட்சம் வயது. அப்போதே நடை வந்துவிட்டது. நடைக்கு இடுப்பெலும்பு ஒடுங்கி வளைந்தது. மூளை பெருத்தது அதற்கு வெகுகாலம் பின்னால். ஒடுங்கிய வாசலும் பெருத்த தலையும் பெண்ணின் உடம்பில் சந்தித்துக்கொண்டன. இடுப்பு அளவு மட்டுமே காரணமில்லை, வயிற்றுப்பிள்ளைக்கு ஊட்டத் தாய் உடம்பால் எவ்வளவு முடியும் என்பதும் கணக்கில் உண்டு என்று வாதாடுகிற ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். எப்படிப் பார்த்தாலும் ஒரு கையில் கொடுத்து மறு கையில் வாங்கிய பேரம்தான் இது.

அந்த நிமிர்வுக்கு இன்னொரு விலை, குறுக்குவலி. நாலுகால் பிராணியின் முதுகெலும்பு வயிற்றைத் தொங்கவிட்டுத் தாங்கிய உத்தரம். அதை நட்டு நிறுத்தித் தூணாக்கினால் பாரமெல்லாம் கடைசி இரண்டு மூன்று எலும்புகளின் மேல் இறங்குகிறது. மிளகாய்க்காட்டில் குனிந்தே பழம் பறிப்பவர்கள், தீப்பெட்டி ஆபீசில் நாள்பூராவும் உட்கார்ந்து குச்சி அடுக்குபவர்கள் என்று என்னிடம் வந்த பெண்களில் முக்கால்வாசிப் பேர் முதலில் கையை வைத்துக் காட்டிய இடம் அதுதான்.

பிறகு தொண்டை. சோறு போகும் வழியும் மூச்சு போகும் வழியும் நமக்கு ஒரே இடத்தில் குறுக்கே வெட்டிக்கொள்கின்றன. ஒரு சின்ன மூடி சரியான நேரத்தில் விழுந்தால் பிழைத்தோம். புரை ஏறினால் யாரோ நினைக்கிறார்கள் என்று தலையில் தட்டுவது நம் வழக்கம். ஆனால் கடலைமிட்டாய் ஊர்க்காரி நான் சொல்கிறேன், சின்னப் பிள்ளைகளின் மூச்சுக்குழாயில் சிக்கும் பொருள்களில் நிலக்கடலைப் பருப்புதான் முன்வரிசை. சின்னப் பிள்ளை கையில் முழுக்கடலையைக் கொடுக்காதீர்கள். எழுத வந்தது இதற்காக இல்லை, ஆனாலும் சொல்லிவிட்டேன்.

குரல்வளைக்குப் போகும் நரம்பின் கதை இதைவிட வேடிக்கை. மூளையிலிருந்து இறங்கும் நரம்பு பக்கத்திலேயே இருக்கிற குரல்வளைக்கு நேரே போகவேண்டியதுதானே? இடப்பக்க நரம்பு போகாது. நெஞ்சுக்குள் இறங்கி, இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியைச் சுற்றிக்கொண்டு மறுபடி கழுத்துக்கு ஏறும். தைராய்டு ஆபரேஷனில் டாக்டர்கள் இதற்குத்தான் பயப்படுவார்கள், தெரியாமல் பட்டுவிட்டால் குரல் கம்மிப்போகும். மீன் மாதிரி இருந்த ஆதி முன்னோருக்குக் கழுத்து கிடையாது. செவுளுக்கு ரத்தம் கொண்டுபோன குழாயின் பின்னால் அந்த நரம்பு நேர்வழியில்தான் போயிருக்கிறது. கழுத்து நீண்டு இதயம் கீழே இறங்கியபோது குழாயோடு சேர்ந்து நரம்பும் இழுபட்டது. குடியிருந்துகொண்டே நாலு தலைமுறை இடித்தும் கூட்டியும் கட்டிய வீட்டில் அடுப்படிக்கு வாசலைச் சுற்றித்தான் போகவேண்டியிருக்கும். காலிமனையில் ஒரே கையாகக் கட்டியவர் அப்படிக் கட்டமாட்டார்.

கண்ணுக்கு வருகிறேன். ‘இயற்கை இறையியல்’ என்று வில்லியம் பேலி என்ற இங்கிலாந்துப் பாதிரியார் 1802-ல் ஒரு புத்தகம் எழுதினார். தரையில் ஒரு கடிகாரம் கிடந்தால் செய்தவன் ஒருவன் உண்டு என்போம் அல்லவா, உடம்புக்கும் அப்படித்தானே என்பது அவர் கேள்வி. அவர் பெரிதாகக் காட்டிய சாட்சி கண்தான். கேம்பிரிட்ஜில் படித்த இளைஞன் சார்லஸ் டார்வின் அந்த நூலை மிகவும் மெச்சியவர். பிறகு 1859-ல் அவரே அந்த வாதத்தை ஆட்டங்காண வைக்கும் நூலை எழுதினார். நம் கொடைமேடைப் பேச்சு பேலியின் பேரப்பிள்ளை மாதிரி இருக்கிறது.

அந்தக் கண்ணை நீங்களே சோதிக்கலாம். இடதுகண்ணை மூடிக்கொண்டு இரண்டு கட்டைவிரல்களையும் கை நீட்டிச் சேர்த்துப் பிடியுங்கள். வலதுகண் இடது கட்டைவிரலையே பார்க்கட்டும். வலது கையை மெள்ள வலப்பக்கம் நகர்த்துங்கள். முக்கால் சாண் தூரத்தில் வலது கட்டைவிரலின் நுனி காணாமல் போகும். நம் விழித்திரை திருப்பிப்போட்டது. வெளிச்சத்தை வாங்கும் செல்கள் அடியிலும், அவற்றின் நரம்பிழைகள் வெளிச்சம் வருகிற பக்கத்திலும் இருக்கின்றன. இழைகளெல்லாம் சேர்ந்து திரையைத் துளைத்துக்கொண்டு மூளைக்குப் போகும் இடத்தில் பார்வை கிடையாது. தூத்துக்குடிச் சந்தையில் கிடக்கும் கணவாய்க்கு இந்தக் குருட்டுப் புள்ளி இல்லை, அதன் நரம்புகள் பின்பக்கமாகவே போகின்றன. திருப்பிப்போட்டதிலும் லாபம் உண்டு, ரத்த ஓட்டம் மிகுந்த அடித்திரையோடு ஒட்டியிருப்பதால் செல்களுக்குப் போஷாக்கு வசதி என்கிறார்கள். இருக்கட்டும். கணவாய்க்குத் தெரிந்த வழியும் ஒன்று இருக்கிறதே.

இந்தக் கண்களைச் செப்பனிடவே ஆயுளைக் கொடுத்தவர் நம் மண்ணில் பிறந்தார். எட்டயபுரத்துப் பக்கம் அயன் வடமலாபுரத்தில் 1918 அக்டோபர் 1-ம் தேதி பிறந்த டாக்டர் கோ. வெங்கடசாமி. சிலேட்டுக்கு வழியில்லாமல் மணலில் எழுதிப் படித்தவர். சிறுவயதில் உறவுப் பெண்கள் மூன்று பேர் பேறுகாலச் சிக்கலில் இறந்ததைக் கண்டு, பிரசவ மருத்துவர் ஆகவேண்டும் என்று நினைத்தார். நான் மேலே சொன்ன அந்த வாசல்தான் அவரை மருத்துவத்துக்கு இழுத்தது என்று சொல்வேன். ராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்தார். கடுமையான முடக்குவாதம் வந்து 1948-ல் வெளியேற நேர்ந்தது. கிருமியை எதிர்க்கவேண்டிய தற்காப்புப் படை சொந்த மூட்டுகளையே தாக்கும் நோய் அது. விரல்கள் கோணிப்போயின. பிரசவ மருத்துவம் கைவிட்டுப்போனது, கண் மருத்துவம் படித்தார். கோணிய விரல்களுக்குக் கத்தியைப் பழக்கி, தன் கையாலேயே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைகள் செய்தார். அரசுப்பணியில் ஓய்வுபெற்றதும் 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கியதுதான் அரவிந்த் கண் மருத்துவமனை. 2006-ல் மறைந்தார்.

அவர் ஆழ்ந்த நம்பிக்கைக்காரர். ஸ்ரீ அரவிந்தரின் வழிவந்தவர், மருத்துவமனைக்கே அந்தப் பெயர்தான். அரவிந்தர் பரிணாமத்தை ஒப்புக்கொண்டவர். மனிதன் முடிந்த வேலை இல்லை, இடையில் நிற்கிற ஒரு படி என்பது அவர் தத்துவத்தின் சாரம். அப்படி நம்புகிற ஒருவரிடம் போய், உன் விரல் ஏன் கோணியது, உன் கடவுளுக்கு வேலை தெரியாதா என்று கேட்டால் அந்தக் கேள்வி அவரைத் தைக்காது. முழுமையாகச் செய்து முடித்துவிட்டார் என்று அவர் சொல்லவே இல்லையே. பேலியின் கடிகாரக் கடவுளைத்தான் நம் குறுக்குவலி மெய்யாகவே சாய்க்கிறது.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார். சைவ சித்தாந்தத்தில் ஊறியவர். நான் உடம்பின் குறைகளைச் சொன்னதும் சிரித்தார்.

“உடம்பு குறையில்லாததுன்னு நம்ம ஆளுக யாரு சொன்னா தாயி? பட்டினத்தார் உடம்பை வையாத வையலா? பானைக்கு மண்ணு முதற்காரணம், சக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். சிவன் குயவன் மட்டுந்தான். மண்ணு மாயை, அது அவரு உண்டாக்கினதில்ல, என்னைக்கும் உள்ளது.”

“நல்ல குயவன்னா மண்ணுல கல்லைப் பொறுக்கிட்டுத்தானே அண்ணாச்சி சக்கரத்துல வைப்பான்?”

“அவனவன் வினைக்கு ஏத்த பானை.”

இந்த இடத்தில்தான் எனக்குத் தொண்டை அடைக்கும். தர்க்கமாகப் பார்த்தால் கெட்டிக்காரப் பதில். 13-ம் நூற்றாண்டில் மெய்கண்டாரும் அருணந்தி சிவாச்சாரியாரும் பலநாள் யோசித்துக் கட்டிய கோட்டை, என் குறுக்குவலிக்கு இடியாது. ஆனால் குயவன் தப்பித்ததும் பழி பானை மேல் விழுகிறதே.

சரி, படைப்பவனே வேண்டாம் என்றால்? கோவில்பட்டியிலிருந்து இருபது கிலோமீட்டர் தள்ளிக் கழுகுமலை இருக்கிறது. வெட்டுவான் கோயிலைப் பார்க்கப் போகிறவர்கள் அதே மலையில் சமணத் தீர்த்தங்கரர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பதையும் பார்த்திருப்பார்கள். அந்தச் சிற்பங்களின் காலத்தை ஒட்டி, 9-ம் நூற்றாண்டில், கன்னட நாட்டுச் சமண ஆசிரியர் ஜினசேனர் தம் மகாபுராணத்தில் உலகைப் படைத்த கடவுள் உண்டு என்ற கருத்தைக் கடுமையாக மறுத்திருக்கிறார். நம் பக்கம் நாத்திகம் நேற்றுப் பெய்த மழையில் முளைத்ததில்லை. சென்னையில் 1880-களில் ‘தத்துவ விவேசினி’ என்று நாத்திகத்துக்காகவே பத்திரிகை நடந்திருக்கிறது. ஆனால் சமணத்திலும் உடம்பைத் தருவது வினை. கிறித்தவத்தில் வினை இல்லை, ஆதிபாவம் உண்டு. பேறுகால வேதனையே ஏவாளுக்குக் கிடைத்த தண்டனை என்கிறது ஆதியாகமம். எந்தப் பக்கம் போனாலும் கணக்கு சுற்றிக்கொண்டு வந்து மனுஷன் தலையில், அதிலும் பெரும்பாலும் பொம்பளை தலையில் விழுகிறது.

பிரான்சிஸ்கோ அயாலா என்ற மரபியல் அறிஞர், முன்னாளில் டொமினிக்கன் சபைக் குருவாக இருந்தவர், 2007-ல் ஒரு புத்தகத்தில் இதைத் திருப்பிப்போட்டார். உறுப்பு உறுப்பாகக் கடவுளே வடிவமைத்தார் என்றால் கலைந்துபோகும் கருக்களுக்கும் அவரே பொறுப்பு, அந்தப் பழியிலிருந்து கடவுளைக் காப்பாற்றியதே டார்வின்தான் என்றார். உறுதியான கர்ப்பங்களிலேயே நூற்றுக்குப் பத்து முதல் இருபது வரை கலைகின்றன. முதல் மூன்று மாதத்தில் கலைவதில் ஏறக்குறைய பாதிக்குக் காரணம் குரோமோசோம் எண்ணிக்கை பிசகுவது. கடவுள் தப்பித்தாரா என்பது அயாலாவின் கவலை. என் கவலை வேறு. பப்பாளி தின்றாயா, பஸ்ஸில் போனாயா என்று மருமகளைக் குடைகிற வீட்டில் இந்த ஒரு தகவல் எத்தனை வேலை செய்யும் என்று நான் பார்த்திருக்கிறேன்.

மூக்குக்குக் கீழே, மேலுதட்டின் நடுவில் விரல் வைத்துப் பாருங்கள், ஒரு பள்ளம் தட்டும். முகம் தனித்தனித் துண்டுகளாக வளர்ந்து வந்து ஒட்டிய தடயம் அங்கே இருக்கிறது. மேலுதடு ஒட்டுவது கருவின் நான்காம் வாரத்துக்கும் ஏழாம் வாரத்துக்கும் இடையில், பல பெண்களுக்கு நாள் தள்ளியது அப்போதுதான் தெரியவந்திருக்கும். உலக அளவில் ஏறத்தாழ 700 பிறப்புக்கு ஒன்றில் உதடோ அண்ணமோ ஒட்டாமல் நின்றுவிடுகிறது. பரம்பரை, சில மருந்துகள், புகை, சத்துக்குறைவு என்று சில காரணங்கள் தெரியும். பல குழந்தைகளுக்கு இன்னதுதான் என்று கைகாட்ட முடியாது. கரிசல் ஊர்களில் மட்டும் எல்லோருக்கும் காரணம் தெரியும், கிரகணத்தன்று தாய் வெளியே வந்தாள் என்பார்கள்.

விளாத்திகுளம் பக்கத்து ஊர் ஒன்றில் அப்படி ஒரு வீடு. உதடும் அண்ணமும் பிளந்த பெண்குழந்தை. சப்பிக் குடிக்க முடியாததால் தாய்ப்பாலைப் பீச்சிப் பாலாடையில் புகட்டச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். மாமியார் வாசலில் நின்று மருமகளைக் கிரகணக் கணக்கில் வைதுகொண்டிருந்தார். நான் உதடு ஒட்டும் வாரக் கணக்கைச் சொன்னேன். இவள் முழுகாமல் இருக்கிறாள் என்று உங்களுக்குத் தெரிவதற்கு முன்பே நடந்து முடிந்த காரியம் இது மதினி, மூன்று மாதம் கழித்து உதட்டைத் தைத்துவிடலாம், அண்ணத்தைப் பிறகு பார்ப்பார்கள் என்றேன். கேட்டுக்கொண்டார். இருக்கன்குடி மாரியம்மனுக்கு உருவத்தகடு வாங்கிப் போடலாமா என்றார். தாராளமாகப் போடுங்கள், ஆஸ்பத்திரித் தேதியைத் தவறவிடாதீர்கள் என்றேன். பிறகும் அவருக்கு மனசு ஆறவில்லை.

“அப்ப இவ மேலயும் தப்பில்ல, பிள்ள மேலயும் தப்பில்லைங்கீக. நான் யாரைத்தான் வைய?”

“ஆத்தாளை வைங்க. அவ தாங்குவா.”

“அவளை அன்னைக்கே வஞ்சாச்சு” என்று சொல்லிவிட்டுப் பாலாடையைக் கழுவ எடுத்துக்கொண்டு போனார்.