தாழிக்குள் இருப்பவர் யார்?

எகிப்து நாட்டு மம்மிகளைப் பற்றி நம் மாணவியர் அனைவரும் சரித்திரப் பாடத்தில் படித்திருப்பர். இறந்த அரசரின் உடலை நேட்ரான் என்னும் ஒருவகை உப்பினால் உலர்த்தி, மெல்லிய துணியால் சுற்றி, பேழையில் வைத்துப் பாதுகாத்தனர் அந்நாட்டவர். ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கழித்து அப்பேழைகளைத் திறந்தபோது, "இவர் யார்?" என்ற கேள்வி எழுந்தது. சில உடல்களுக்குப் பெயரே இல்லை. சில உடல்கள் வேறொருவர் பேழையில் கிடந்தன. இக்கேள்விக்கு விடை காண அறிவியலே துணைக்கு வந்தது.

அதே கேள்வி நம் வைகைக் கரையிலும் எழுந்துள்ளது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

நம் வைகை அணையில் 71 அடி வரை தேக்கப்படும் நீர் மதுரையைக் கடந்து கிழக்கே செல்லும் வழியில், சிவகங்கை மாவட்டத்தில் கீழடி என்னும் ஊர் இருக்கிறது. பண்டைத் தமிழர் வாழ்ந்த செங்கல் கட்டடங்கள் அங்கே வெளிப்பட்டன. அதன் அருகே உள்ள கொந்தகை, அம்மக்களின் இடுகாடாக இருந்திருக்க வேண்டும் என்று அறிஞர் கருதுகின்றனர். 2020-ஆம் ஆண்டு முதல் தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறையினர் அங்கே முதுமக்கள் தாழிகளைத் தோண்டி எடுத்து ஆராய்ந்தனர்.

பெயர் உள்ள கல்லும் பெயர் இல்லாத தாழியும்

தாழி என்பது பெரிய மண்பானை. இறந்தவரின் உடலையோ எலும்புகளையோ அதனுள் இட்டு, சிறு பானைகளில் உணவையும் வைத்துப் புதைத்தனர். கணவனை இழந்த ஒரு பெண், "எனக்கும் இடம் இருக்கும்படி தாழியை அகலமாகச் செய்" என்று குயவனிடம் வேண்டுவதாகப் புறநானூற்றில் ஒரு பாடல் உண்டு.

ஆனால் கொந்தகைத் தாழிக்குள் இருப்பவர் இன்னார் என்று நமக்குச் சொல்வார் இல்லை. நம் தேனி மாவட்டத்தின் ஆண்டிபட்டி வட்டத்தில், வைகைப் பள்ளத்தாக்கில் உள்ள புலிமான்கோம்பையில் 2006-ஆம் ஆண்டு தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக் கழகத்தார் மிகப் பழைய நடுகற்களைக் கண்டெடுத்தனர். அவற்றுள் ஒன்று, கூடலூரில் நடந்த ஆநிரைப் பூசலில் இறந்த அந்தவன் என்பவனின் பெயரைத் தமிழ் பிராமி எழுத்தில் தாங்கி நிற்கிறது. அங்கே பெயர் இருக்கிறது, உடல் இல்லை. கொந்தகையில் உடல் இருக்கிறது, பெயர் இல்லை. அந்த எலும்புகளைக் கொண்டு அறிவியல் எவற்றைச் சொல்ல முடியும்?

எலும்பும் பல்லும்

முதலில் ஆணா பெண்ணா என்று பார்க்கின்றனர். பெண்ணின் இடுப்பெலும்பு பிள்ளைப்பேற்றுக்கு ஏற்றவாறு அகன்றிருக்கும். ஆணின் மண்டை ஓட்டில் புருவ மேடு பெரும்பாலும் தடித்திருக்கும்.

அடுத்தது வயது. குழந்தையாயின் முளைத்த பற்களை எண்ணியே வயதைச் சொல்லலாம். இளைஞரின் நீண்ட எலும்புகளில் முனைகள் ஒட்டியுள்ளனவா என்று பார்ப்பர். முதியவராயின் பல் தேய்மானமும் மூட்டுகளின் தேய்மானமும் உதவும். தொடை எலும்பின் நீளத்தை அளந்து, அவர் எவ்வளவு உயரம் இருந்தார் என்று கணக்கிடலாம்.

பல்லின் மேற்பூச்சாகிய எனாமல் மற்றொரு விந்தை. சிறுவயதில் நாம் பருகும் நீரிலும் உண்ணும் உணவிலும் உள்ள ஸ்ட்ரான்ஷியம் என்னும் தனிமம் அதில் படிந்துவிடுகிறது. அதன் வகைகளின் விகிதம் நிலத்தின் பாறைக்கு ஏற்ப மாறும். ஆகவே ஒருவர் பிறந்த ஊரில் வளர்ந்தவரா, வேறு நாட்டிலிருந்து வந்தவரா என்பதைக்கூடப் பல்லைக் கொண்டு ஆராயும் முறை உண்டு.

காலம் காட்டும் கரி

உயிருள்ள எல்லாவற்றிலும் கார்பன்-14 என்னும் கதிரியக்கக் கரி சிறிதளவு உண்டு. உயிர் நீங்கியபின் அது புதிதாகச் சேர்வதில்லை. 5,730 ஆண்டுகளில் பாதியாகக் குறைந்துவிடும். மீதமுள்ளதை அளந்தால் காலம் தெரியும். இம்முறையைக் கண்டறிந்த அமெரிக்க அறிஞர் லிபி 1960-இல் நோபல் பரிசு பெற்றார். கீழடியில் 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த கரித்துண்டு, அமெரிக்காவில் சோதிக்கப்பட்டு, கி.மு. 580-ஐச் சேர்ந்தது என்று 2019-இல் வெளியிடப்பட்டது.

டி.என்.ஏ. என்னும் ஏடு

நம் உயிரணு ஒவ்வொன்றிலும் தாய் தந்தையரிடமிருந்து வந்த டி.என்.ஏ. இருக்கிறது. 2010-இல் இந்தச் சோதனையைக் கொண்டே எகிப்திய இளம் மன்னர் துட்டன்காமனின் பெற்றோர் எனச் சில மம்மிகளை ஆய்வாளர் சுட்டினர்.

நம் ஊரில் இது எளிதன்று. எகிப்தின் பாலைவனம் வறண்டது. உடலும் உப்பில் உலர்ந்தது. நம் நாட்டிலோ வெப்பமும் மழை ஈரமும் சேர்ந்து டி.என்.ஏ.வைச் சிதைத்துவிடுகின்றன. எனவே பல்லின் உட்பகுதி, காதருகே உள்ள மிகக் கெட்டியான எலும்பு ஆகியவற்றையே நாடுகின்றனர். அதனையும் வெறுங்கையால் தொட்டால் தொட்டவரின் டி.என்.ஏ. கலந்துவிடும். ஆகவே கையுறையும் முகமூடியும் அணிந்தே எடுப்பர். மதுரை காமராசர் பல்கலைக் கழகத்தின் மரபியல் துறையினர் கொந்தகை எலும்புகளை இவ்வாறு ஆராய்ந்து வருகின்றனர்.

முகம் தோன்றிய கதை

கொந்தகையில் கிடைத்த இரண்டு ஆண்களின் மண்டை ஓடுகளை ஸ்கேன் செய்து, அப்படங்களை இங்கிலாந்தின் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக் கழகத்துக்கு அனுப்பினர். அங்குள்ள முக ஆய்வுக்கூடத்தினர் கம்ப்யூட்டரில் எலும்பின்மேல் தசையையும், தசையின்மேல் தோலையும் படிப்படியாக அமைத்தனர். 2025-இல் அம்முகங்கள் வெளியாயின. செய்தித்தாளில் பார்த்தபோது நம் தெருவில் நடந்து போகும் பெரியவரைக் கண்டாற்போல் இருந்தது!

ஆனால் ஒன்றை மறக்கலாகாது. மூக்கும் தாடையும் ஏறக்குறைய எப்படி இருந்தன என்பதை எலும்பு காட்டும். தோலின் நிறத்தையும் கண்ணின் நிறத்தையும் அது காட்டாது. அந்த நிறங்கள் இக்காலத் தமிழ் மக்களைப் பார்த்து ஊகித்துத் தீட்டப்பட்டவை.

அறிவியலின் அடக்கம்

ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ என்பவர் 1899 முதல் 1905 வரை தோண்டி எடுத்த மண்டை ஓடுகளைப் பற்றி சக்கர்மன் எழுதிய ஆய்வு 1930-இல் சென்னை அருங்காட்சியக வெளியீடாக வந்தது. எகிப்திய அரச மம்மிகளை ஆராய்ந்த அதே எலியட் ஸ்மித் அதற்கு முன்குறிப்பு எழுதினார். மண்டை ஓட்டின் நீள அகலத்தை அளந்து, "இவர் இந்த இனம்" என்று முத்திரை குத்துவது அக்கால வழக்கம். இன்று அம்முறையை அறிஞர் கைவிட்டுவிட்டனர்.

எகிப்திலும் இத்தகைய எச்சரிக்கை தேவைப்பட்டது. பெண் அரசி ஹட்ஷெப்சூட்டின் பெயர் பொறித்த சிறு பெட்டியைச் சி.டி. ஸ்கேன் செய்தபோது உள்ளே ஒரு கடைவாய்ப்பல் இருந்தது. பெயரில்லாத ஒரு மம்மியின் வாயில் அந்த இடம் காலியாக இருந்ததால், அதுவே அரசியின் உடல் என்று 2007-இல் அறிவித்தனர். எனினும் எல்லா அறிஞரும் அதை ஏற்கவில்லை.

ஆகவே எலும்பு பேசும். ஆனால் அளவோடுதான் பேசும். வயது, உயரம், நோய், உறவு இவற்றைச் சொல்லும். அவர் பெயரையோ, பேசிய மொழியையோ, வணங்கிய தெய்வத்தையோ சொல்லாது. அவற்றை நம் விருப்பப்படி சேர்த்து, "இவர் எங்கள் குலத்தவர்" என்று உரிமை கொண்டாடுவது இறந்தவருக்கு நாம் செய்யும் அநீதியாகும்.

அன்பு மாணவியரே! நம் மாவட்டத்தில் தோட்டம் உழும்போதும் கிணறு தோண்டும்போதும் பழைய பானைகள் வெளிப்படலாம். புதையல் என்று எண்ணி அவற்றை உடைக்க வேண்டாம் என்று வீட்டில் எடுத்துச் சொல்லுங்கள். கிராம நிர்வாக அலுவலருக்கோ தாசில்தாருக்கோ தெரிவித்தால் தொல்லியல் துறையினர் வந்து பார்ப்பர். அந்தத் தாழியினுள் ஒரு தாயோ, ஒரு தந்தையோ, உங்கள் வயதுப் பெண்ணோ இருக்கக்கூடும். அவரைப் பற்றி உண்மையாக அறியக் கிடைத்த ஒரே வாய்ப்பு, ஒரு மண்வெட்டி வீச்சில் அழிந்துபோக நாம் விடலாகாது.