மூடும் பொத்தான் எந்த மூலையில்?

மாலை ஏழு மணி. தாம்பரத்தில் மின்ரயிலை விட்டு இறங்கி வீட்டுக்கு வருகிறீர்கள். உள்ளே இருட்டு. உங்கள் கை தானாகவே கதவோரச் சுவரைத் தடவி, சுவிட்சைக் கீழ்நோக்கி அழுத்துகிறது; விளக்கு எரிகிறது. அமெரிக்காவில் இதையே செய்தால் பெரும்பாலும் எரியாது. அங்கே சுவிட்சை மேல்நோக்கித் தள்ள வேண்டும். இரண்டில் எது சரி? மின்னோட்டத்துக்கு இரண்டும் ஒன்றுதான். பழகிய கைக்கு மட்டுமே வேறுபாடு தெரியும்.

கணிப்பொறித் திரையிலும் இப்படி ஒரு சுவிட்சு உண்டு. ஒவ்வொரு சாளரத்தின் தலைப்பிலும் சுருக்க, பெரிதாக்க, மூட என மூன்று சிறு பொத்தான்கள் இருக்கின்றன அல்லவா? எங்கள் ஆய்வகத்தில் ஒரு மாணவி தனி ஊசலின் அளவீடுகளை இரண்டு மணி நேரம் பதிந்து வரைபடம் போட்டாள். அதைப் பெரிதாக்கப் போனவள், பக்கத்துப் பொத்தானை அழுத்திவிட்டாள். 'சேமிக்கவா?' என்று திரை கேட்டபோது, பதற்றத்தில் 'வேண்டாம்' என்றும் அழுத்தினாள். எல்லாம் போயிற்று. "கவனமில்லை" என்று நானும் கடிந்துகொண்டேன். பிறகு யோசித்தபோது, பிழை முழுவதும் அவளுடையதல்ல என்று தோன்றியது.

கை ஓர் இலக்கை எட்ட ஆகும் நேரத்தை 1954-இல் பால் ஃபிட்ஸ் என்ற அமெரிக்க உளவியலார் அளந்தார். தூரம் கூடினால் நேரம் கூடும். இலக்கு அகலமானால் நேரம் குறையும். இது நமக்கே தெரியும். ஆனால் அவர் ஒரு சூத்திரமே தந்தார். தூரத்தை இரட்டித்து அகலத்தால் வகுங்கள். வரும் எண் 2-இன் எத்தனையாவது அடுக்கு என்று பாருங்கள். அதுவே கடினத்தின் அளவு. தூரம் 16 செ.மீ., அகலம் 1 செ.மீ. என்றால் 32, அதாவது ஐந்தாம் அடுக்கு. அகலத்தை 2 செ.மீ. ஆக்கினால் 16, நான்காம் அடுக்கு.

இதை நீங்களே சோதிக்கலாம். ஒரு தாளில் 1 செ.மீ. அகலமுள்ள இரு பட்டைகளை, நடுவுக்கு நடு 16 செ.மீ. தள்ளி வரையுங்கள். பென்சிலால் இரண்டையும் மாறி மாறித் தொடுங்கள். 15 விநாடியில் எத்தனை முறை என்று நண்பர் எண்ணட்டும். அடுத்து 2 செ.மீ. பட்டைகளை 32 செ.மீ. தள்ளி வரைந்து பாருங்கள். கை இருமடங்கு தூரம் ஓடினாலும் எண்ணிக்கை ஏறத்தாழ அதேதான் வரும். ஏனென்று சூத்திரத்தைப் பார்த்தால் புரியும்.

இனி திரைக்கு வருவோம். சாளரம் திரை முழுவதும் விரிந்திருக்கும்போது மூலைப் பொத்தானுக்கு ஒரு சலுகை கிடைக்கிறது. மவுஸை எவ்வளவு வேகமாகத் தள்ளினாலும் அம்பு திரையின் விளிம்பில் நின்றுவிடும், குறி தவறாது. எனவே மூலைதான் எளிதில் எட்டும் இடம். வேலையை அழிக்கக்கூடிய 'மூடு' பொத்தானுக்கா அந்த இடம்? அதுவும் 'பெரிதாக்கு' பொத்தானை ஒட்டியா? பழைய விண்டோஸ் 3.1-இல் வலது மூலையில் இருந்தது பெரிதாக்கும் பொத்தான். 1995-இல் விண்டோஸ் 95 வந்தபோது அதே மூலையில் 'மூடு' வந்து அமர்ந்தது. பழைய பழக்கத்தில் மூலைக்கு ஓடிய கைகளை நினைத்துப் பாருங்கள்!

மெக்கின்டாஷ் 1984-இலேயே மூடும் பெட்டியை இடது மூலையில் வைத்தது. உபுண்டு 2010-இல் மூன்றையும் வலத்திலிருந்து இடத்துக்கு மாற்றி, 2017-இல் மீண்டும் வலத்துக்கே கொண்டுவந்தது. 2011-இல் வந்த கினோம் 3, 'மூடு' ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் நீக்கிவிட்டது. அரபு மொழிக்கான விண்டோஸில் சாளரமே சமதள ஆடியில் தெரியும் பிம்பம்போல் இடவலம் மாறி, பொத்தான்கள் இடப்பக்கம் போய்விடும்.

இந்தக் கதையில் நம் ஊருக்கும் பங்கு உண்டு. குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்திலுள்ள ஏ.யு.-கே.பி.சி. ஆராய்ச்சி மையமும் சென்னை சி-டாக்கும் சேர்ந்து, 2005-இல் கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய மையத்தைத் தொடங்கின. அம்முயற்சியில் 'பாஸ் லினக்ஸ்' பிறந்தது. 2011 முதல் தமிழக அரசு வழங்கிய மடிக்கணினிகளில் விண்டோஸுடன் பாஸும் இடம்பெற்றது. பிளஸ் டூ மாணவர் ஒருவரின் ஒரே பைக்குள் இரண்டு இயங்குதளங்கள்! அத்தகையவருக்குப் பொத்தான்களின் இடம் வெறும் அழகு அல்ல. காலையில் ஒன்றிலும் மாலையில் மற்றொன்றிலும் வேலை செய்யும் கை, இரண்டிலும் ஒரே பக்கம்தானே போகப் பார்க்கும்?

விருப்பம்போல் மாற்றிக்கொள்ளலாமே என்பீர்கள். லினக்ஸில் மாற்றலாம்தான். ஆனால் பள்ளி ஆய்வகத்தில் நாற்பது பேர் மாறி மாறி அமரும் கணிப்பொறியில் யார் மாற்றுவார்? வந்தபடியே கிடக்கும். ஆகவே முதலில் வரும் அமைப்புத்தான் பெரும்பாலோருக்குக் கடைசி அமைப்பும்.

என்னைக் கேட்டால், பக்கம் எதுவானாலும் அக்கம்பக்கத்தார் வழக்கத்தையே பின்பற்றுவேன். ஆனால் 'மூடு'வுக்கும் மற்ற இரண்டுக்கும் நடுவே ஒரு பொத்தான் அகலமாவது இடைவெளி விடுவேன். 'சேமிக்கவா?' என்று கேட்கும் பெட்டியில், யோசிக்காமல் எண்டர் தட்டினால் 'சேமி' என்பதே நிகழும்படி வைப்பேன். 'வேண்டாம்' பொத்தானைச் சற்றுத் தள்ளி, சிறிதாக வைப்பேன்; ஃபிட்ஸின் சூத்திரத்தை இங்கே தலைகீழாகப் பயன்படுத்த வேண்டும்.