தீவகத்துக் கார்களும் ஜப்பானியத் தேசப்படமும்

வேலணையிலிருந்து வாணர் பாலத்தைக் கடந்து புங்குடுதீவுக்குள் நுழைந்து குறிகட்டுவான் இறங்குதுறை வரை செல்லும் வீதியில் இன்று ஓடுகின்ற கார்களிலும் வான்களிலும் பல, ஜப்பான் தேசத்து வீதிகளில் சில வருடம் ஓடிய பின்னர் கப்பலேறி இந்நாட்டில் வந்திறங்கியவை. விட்ஸ், அக்வா, அக்சியோ, ஹயஸ் என்று பெயர்கள் வேறுபட்டாலும், அவற்றுள் அநேகமானவற்றின் முகப்பில் ஒரு திரை இருக்கும்; வானொலியும் பாட்டும் பின்புறக் கமெராவும் மட்டுமன்றி, ஜி.பி.எஸ். வழிகாட்டியும் அதனுள் அடங்கியிருக்கும். இந்தத் திரையில் உள்ள தேசப்படத்தைப் புதுப்பித்துத் தருவதாகச் சொல்லி நடைபெறும் வியாபாரத்தில் நம்மவர் பணம் வீணே கரைந்துபோவதைக் கண்டு சும்மா இருத்தல் தகாதென்று கருதியே இவற்றை எழுதுகிறேன்.

ஆகாயத்திலிருந்து வரும் சமிக்ஞைக்கு எவரும் விலை கொடுக்க வேண்டியதில்லை என்பதை முதலில் விளங்கிக்கொள்ளல் வேண்டும். ஏறத்தாழ 20,200 கிலோமீற்றர் உயரத்தில் பூமியை வலம்வரும் ஜி.பி.எஸ். செய்மதிகள் அமெரிக்க இராணுவத்தின் தேவைக்காக ஏவப்பட்டவையேயாயினும், 1983 ஆம் ஆண்டு கொரியப் பிரயாணிகள் விமானமொன்று வழிதவறிச் சோவியத் எல்லைக்குள் புகுந்து சுட்டு வீழ்த்தப்பட்டு 269 உயிர்கள் மாண்டதன் பின்னர், அச்சேவையைச் சாதாரண ஜனங்களின் உபயோகத்துக்கும் இலவசமாக அளிப்பதாக ஜனாதிபதி ரீகனின் அரசாங்கம் பிரகடனம் செய்தது. பொதுமக்களின் கருவிகளுக்கு வேண்டுமென்றே சற்றுப் பிழையாக அனுப்பப்பட்டு வந்த சமிக்ஞையும் 2000 ஆம் ஆண்டு மே மாதத்தில் திருத்தப்பட்டது. இன்று ருஷியா, ஐரோப்பா, சீனா ஆகியவற்றின் செய்மதிகளும் அவ்வாறே இலவசமாகச் சேவை புரிகின்றன. ஆகவே, 'செய்மதிக் கட்டணம்' என்றோ 'ஜி.பி.எஸ். இணைப்புக் கட்டணம்' என்றோ ஒருவர் காருக்குப் பணம் கேட்பாராயின், அது எதற்கென்று விபரமாகக் கேட்டு அறிந்த பின்னரே பணப்பையைத் திறக்க வேண்டும்.

செய்மதியின் உதவியால் கருவி அறிந்துகொள்வதோ, தான் நிற்கும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை முதலியன மாத்திரமே. அவ்விடத்தில் வீதி உண்டா, அது ஒருவழிப் பாதையா, அப்பாலுள்ள பாலம் திறந்துவிட்டதா என்பனவெல்லாம் கருவிக்குள் வைக்கப்பட்டிருக்கும் தேசப்படத்திலிருந்து வருபவை. அந்தப் படத்தை மனிதர் வீதிவீதியாகச் சென்று தொகுக்க வேண்டியிருப்பதால் அதற்கு விலை உண்டு. 2008 ஆம் ஆண்டில் டொம்டொம் நிறுவனம் ரெலி அற்லஸ் என்னும் படக் கம்பனியையும், நொக்கியா நிறுவனம் நவ்டெக் என்னும் கம்பனியையும் பெருந்தொகை கொடுத்து வாங்கியமையும், நவ்டெக்கிலிருந்து வளர்ந்த ஹியர் நிறுவனத்தைப் பின்பு 2015 இல் ஜேர்மன் கார் உற்பத்தியாளர் மூவர் கூடி வாங்கியமையும், அப்படத்தின் வர்த்தகப் பெறுமதியை ஒருவாறு புலப்படுத்தும். அச்செலவு இறுதியில் கார் வைத்திருப்பவர் தலையிலேயே விழுகிறது. மேல்நாடுகளில் காரோடு வந்த திரைக்கு ஒருமுறை படம் புதுப்பிக்க நூறு முதல் இருநூறு டொலர் வரை கேட்பது வழக்கம். கண்ணாடியில் ஒட்டிவைக்கும் சிறு கருவிகளிலோ, படத்தின் விலை புதிய கருவியின் விலையைக் கிட்டத்தட்ட எட்டிவிடுவதும் உண்டு. 2009 ஆம் ஆண்டின் இறுதியில் கூகிள் நிறுவனம் கைத்தொலைபேசியில் வழிகாட்டும் வசதியை இலவசமாகத் தந்த பின்னரே, கருவி விற்போர் 'ஆயுட்காலப் படம்' என்ற வாக்குறுதியைப் பரவலாக முன்வைக்கத் தலைப்பட்டனர். அவ்வாயுள் வாங்கியவருடையதன்று, கருவியின் உபயோக காலமாக நிறுவனம் வரையறுப்பதேயாம். 2018 ஆம் ஆண்டில் டொம்டொம் நிறுவனம் தன் பழைய கருவிகள் சிலவற்றுக்கு இனிப் படம் புதுப்பிக்க முடியாதென்று அறிவித்தபோது, ஆயுட்காலம் என்று நம்பி வாங்கியிருந்தவர்கள் இதை அனுபவத்தில் அறிந்தனர்.

இனி நம்முடைய பிரதேசத்து விஷயத்துக்கு வருவோம். ஜப்பானின் உள்நாட்டுச் சந்தைக்கென்று செய்யப்பட்ட திரையில் உள்ள படம் ஜப்பான் தேசத்தின் படம். அதைப் புதுப்பித்தால் கிடைப்பது ஜப்பானின் புதிய வீதிகளேயன்றி, பண்ணைப் பாலமோ, அல்லைப்பிட்டிச் சந்தியோ, பெருங்காட்டு ஒழுங்கையோ அதில் தோன்றப்போவதில்லை. இத்திரைகளுக்கு இலங்கைப் படத்தை உற்பத்தியாளர் வெளியிடவில்லை. ஆதலால், 'மெப் அப்டேட்' என்ற பெயரில் இக்காருக்கு வாங்கப்படுவது எதுவாயினும், வழி அறிவதற்காக வாங்குவதானால் அது முற்றிலும் வீண் செலவு.

அங்ஙனமாயின் அறிவுள்ளவர்களும் ஏன் வாங்குகிறார்கள்? இங்கேதான் தீவக வாழ்வின் விசேஷமொன்று குறுக்கிடுகிறது. 1991 ஆம் ஆண்டின் இடப்பெயர்வோடு புங்குடுதீவின் ஜனங்களில் பெரும்பகுதியினர் கொழும்பிலும் கனடாவிலும் சுவிற்சர்லாந்திலும் பிரான்சிலும் சிதறிப்போனமையால், ஊரில் வீடும் காரும் வைத்திருப்போர் பலர் கோயில் திருவிழாவுக்கும் விடுமுறைக்கும் மாத்திரம் வந்து போகிறவர்கள். மாதக்கணக்கில் கொட்டகையில் நிற்கும் காரின் பற்றரி இறங்கிவிடும். கடற்காற்றின் உப்பு முனைகளில் பச்சையாய்ப் பூத்துக் கிடக்கும். புதிய பற்றரி போட்டுச் சாவியைத் திருப்பினால் எஞ்சின் இயங்கும். திரையோ, ஜப்பானிய எழுத்தில் ஏதோ ஒரு வசனத்தைக் காட்டி, படம் பதிந்த எஸ்.டி. அட்டையைக் கேட்கும், அல்லது நீண்ட இலக்கத் தொடரொன்றைக் காட்டித் திறப்பு இலக்கத்தைக் கேட்கும். திருடனுக்குப் பயன்படாதிருக்கும் பொருட்டு உற்பத்தியாளர் வைத்த பூட்டு இது. அசல் அட்டை உள்ளே இருந்தால் சில வேளைகளில் இலகுவில் திறந்துகொள்ளும். ஆனால் கப்பலிலிருந்து இறங்கும்போதே அட்டை இல்லாத கார்களும், இடையில் விற்றவர் கையில் அட்டை தங்கிப்போன கார்களும் பல. அந்நேரத்தில் வானொலியும் இல்லை, பாட்டும் இல்லை, பின்புறக் கமெராவும் இல்லை. ஆகவே, படம் வேண்டாத மனிதரும் படத்தின் அட்டையை வாங்க நிர்ப்பந்திக்கப்படுகிறார்.

இந்த நிர்ப்பந்தத்தில்தான் அபாயம் பிறக்கிறது. விற்கப்படும் அட்டைகளில் பல, படத்தின் உரிமையாளரின் அனுமதியின்றிப் பிரதி செய்யப்பட்டவை. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி அவ்விதம் பிரதி செய்து விற்பது உரிமை மீறலாகும். அத்தகைய அட்டைக்கு உற்பத்தியாளர் பொறுப்பேற்கமாட்டார். முகப்புத் திரையாகிய செற்றின் மொடல் இலக்கம் ஓர் எழுத்து மாறினாலும் அட்டை பொருந்தாது. பொருந்தினாலும், அடுத்த முறை பற்றரி கழற்றப்படும்போது மீண்டும் பூட்டிக்கொள்ளாது என்பதற்கு எவ்வித உத்தரவாதமும் இல்லை. வானொலியையும் திருத்தித் தருவதாகச் சேர்த்து விலை பேசுவோரும் உண்டு. ஜப்பானிய எப்.எம். அலைவரிசை 76 இல் தொடங்கிப் பழைய செற்றுகளில் 90 உடன் முடிவதால், நம்முடைய நிலையங்களைக் கேட்பதற்கு இணைப்புக் கருவியொன்று பொருத்துவது நியாயமான வேலைதான். ஆயினும் அதன் கூலியையும் அட்டையின் விலையையும் ஒரே தொகையாகச் சொல்ல விடாமல், பற்றுச்சீட்டில் வெவ்வேறாக எழுதுவித்தல் அவசியம்.

2020 மார்ச் தொடக்கம் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் வழி திறக்கப்பட்டமையால், இந்நாட்டுக் கார்கள் இயல்பிலும் அதிக காலம் ஓட்டப்படுகின்றன. கைமாறிக் கைமாறி வரும் அவற்றில் இத்தகைய சிக்கல்களும் மிகுந்திருக்கின்றன. பாவித்த கார் வாங்குகிறவர், எஞ்சினையும் ரயரையும் பார்ப்பதோடு நில்லாமல், அட்டை செருகும் வாயைத் திறந்து அசல் அட்டை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஊரில் காரை விட்டுச் செல்கிறவர், வாரத்துக்கொருமுறை எஞ்சினை இயக்கிச் சற்றுத் தூரம் ஓட்டிவிடும்படி ஒருவரிடம் சொல்லிவைப்பது, அட்டை வாங்கும் செலவிலும் எத்தனையோ மடங்கு மலிவானது. பற்றரி மாற்ற நேர்ந்தால், அதைக் கழற்ற முன்னர் இன்னொரு பற்றரியை வயர் மூலம் சமாந்தரமாக இணைத்து, மின்சாரம் ஒரு கணமும் அறாமல் மாற்றித் தரும்படி மெக்கானிக்கிடம் கேட்கலாம். முனை மாறினால் தீங்கு விளையுமாதலால் இதைப் பழகாதவர் செய்தல் கூடாது. செற் ஏற்கெனவே பூட்டிக்கொண்டிருப்பின், அட்டைக்குக் கேட்கும் விலையையும், அன்ட்ராய்ட் செற் ஒன்றைப் புதிதாகப் பூட்டும் விலையையும் ஒப்பிட்டுப் பார்ப்பதே புத்தி. புதிய செற்றில் இலங்கைப் படத்தைச் செயலி மூலம் பெறலாம். ஆனால் பழைய வயர்களை வெட்டாமல் இணைப்பான் கொண்டு பொருத்த வேண்டுமென்பதையும், பின்புறக் கமெராவும் ஸ்ரியறிங்கில் உள்ள பொத்தான்களும் வேலை செய்ய வேண்டுமென்பதையும் முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும்.

படம் பழையதாயிருத்தல் வெறும் அசௌகரியம் மாத்திரமன்று. 2011 ஜனவரியில் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டதோடு யாழ்ப்பாணத்திலிருந்து பூநகரி வழியாக மன்னார் செல்லும் மார்க்கம் எளிதாயிற்று. அதை அறியாத படம், பிரயாணியை ஆனையிறவு வழியாகச் சுற்றி அனுப்பும். 2022 ஜனவரியில் மீரிகமைக்கும் குருநாகலுக்கும் இடையே திறந்த அதிவேக வீதியும் அதிலிராது. நம்முடைய தீவுப்பகுதியிலோ வேறொரு சிக்கல். குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் கடலின்மேல் கோடு வரைந்திருப்பதைக் கண்டு, காரும் படகேறும் என்று எண்ணி வரும் அந்நியப் பிரயாணிக்கு, அங்கே பயணிகள் படகுகளே உண்டென்பதை எந்தத் திரையும் சொல்லித்தராது. ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே ஓடும், 'பாதை' எனப்படும் மிதவை பழுதுபட்டு நிற்கும் நாளையும் அது அறியாது. இறங்குதுறைக் கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்பது இவ்விடத்தில் எந்தப் படத்திலும் சிறந்தது.

ஆயினும் நல்ல படம் இலவசமாகவே கிடைக்கிறது என்பதை அறிந்தவர் நம்மிடையே குறைவு. கூகிள் படத்தில் வேண்டிய பிரதேசத்தை முன்கூட்டியே தொலைபேசியில் இறக்கி வைத்துக்கொண்டால், சிக்னல் அற்ற இடத்திலும் அது வழிகாட்டும். 2004 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் தொடங்கப்பட்டு, உலகெங்குமுள்ள தொண்டர்களால் வரையப்பட்டுவரும் ஓப்பின்ஸ்ரீற்மெப் என்னும் பொதுப் படத்தை, ஓர்கானிக் மெப்ஸ், ஓஸ்மான்ட் முதலிய செயலிகள் மூலம் இலங்கை முழுவதற்கும் இறக்கி வைக்கலாம். பழைய கார்மின் கருவிகளுக்கு ஏற்ற வடிவத்திலும் அது பணமின்றிக் கிடைக்கிறது. புங்குடுதீவின் 12 வட்டாரங்களிலும் எந்த ஒழுங்கை பற்றை மூடிக் கிடக்கிறது, எது புதிதாகத் திறந்திருக்கிறது என்பதை அறிந்த நம்முடைய மாணவர்களே அப்படத்தில் திருத்தம் செய்யலாம். செய்ய வேண்டும் என்பது என் ஆசை. தொலைபேசியைக் கையிற் பிடித்தபடி வாகனம் செலுத்துதல் மாத்திரம் சட்டப்படி குற்றமாகையால், அதை ஒரு தாங்கியில் வைத்து, புறப்பட முன்னரே இடத்தைக் குறித்துக்கொள்ளல் வேண்டும்.

வெளிநாட்டில் வாழும் உறவினருக்கும் ஒரு வார்த்தை. ஐரோப்பியப் படம் உள்ள கருவியை ஊருக்குக் கொண்டுவந்தால் அது இங்கே ஊமையாயிருக்கும். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, மென்பொருள் அடங்கிய பொருளை விற்றவர், நுகர்வோர் நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய காலம் வரை, அப்பொருள் ஒப்பந்தப்படி இயங்குவதற்கு அவசியமான புதுப்பித்தல்களைக் கிடைக்கச் செய்தல் வேண்டும். பிரித்தானியாவில் 2015 ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம் எண்ணிம உள்ளடக்கத்துக்கும் பொருந்தும். படத்தோடு சேர்த்து வேகக் கமெரா எச்சரிக்கைப் பொதியையும் விற்பார்கள். சுவிற்சர்லாந்தில் அத்தகைய வசதியுள்ள கருவியைக் காரில் வைத்திருப்பதே சட்டவிரோதம், கருவி பறிமுதலாகும். காரையோ கருவியையோ விற்கும்போது, அதில் 'வீடு' என்று பதிந்த விலாசத்தையும் தொலைபேசி இலக்கங்களையும் அழித்துவிட மறத்தலாகாது.

பணம் கொடுத்து ஏமாந்தவருக்குப் பரிகாரம் உண்டு. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம், வியாபாரி நுகர்வோரை ஏமாற்றத்தக்க விதமாக நடந்துகொள்வதையும் பொருளைப் பற்றிப் பொய்யுரைப்பதையும் தடை செய்கிறது; கேட்கும்போது பற்றுச்சீட்டுக் கொடுப்பதும் வியாபாரியின் கடமை. வெளிப்படையாகவோ உட்கிடையாகவோ தரப்பட்ட உத்தரவாதத்துக்குப் பொருள் இணங்காவிடின், 13 ஆம் பிரிவின் கீழ் அதிகார சபை விசாரணை செய்யலாம். வெளிநாட்டுக் கடையில் வங்கி அட்டையால் வாங்கியிருந்தால், அட்டை வழங்கிய வங்கியிடமே உடனடியாக ஆட்சேபம் தெரிவிக்கலாம். சிறு தொகைப் பிணக்கானால் பிரதேச மத்தியஸ்த சபையையும் நாடலாம்.

எனவே, அட்டையையோ செற்றையோ வாங்கும்போது, செற்றின் மொடல் இலக்கம், படம் எந்த நாட்டுக்கு உரியது, எந்த வருடத்தது, பற்றரி கழற்றிய பின்னரும் இயங்குமா, இயங்காவிடின் பணம் திரும்புமா என்பவற்றைப் பற்றுச்சீட்டிலேயே எழுதி ஒப்பமிடச் சொல்லுங்கள். எழுத மறுக்கும் கடையில் வாங்காதீர்கள். வாங்கியது பிழைத்தால் 1977 என்ற இலக்கத்துக்கு அழைப்பதோடு நின்றுவிடாமல், பற்றுச்சீட்டின் பிரதியை இணைத்து, அதிகார சபையின் யாழ்ப்பாண மாவட்ட அலுவலகத்துக்குத் தமிழிலேயே எழுத்து மூலம் முறைப்பாடு செய்யுங்கள். பொருள் விற்கப்பட்ட நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் அது கிடைத்தல் வேண்டுமென்பது சட்டம்.